கச்சான் ராத்தா இல்லாத படங்கள்

“மிஸ், உங்கட கெமராவுக்குள்ள நான் எங்கயாச்சும் இரிக்கனா?”

நோன்பின் கடைசி நாட்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜெமீலா ராத்தா. அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. ஸலாம் சொன்ன கையோடு இந்தக் கேள்வி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யார் கேட்டிருந்தாலும் வந்திருக்காது.

ஏன் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

ஜெமீலா ராத்தா கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய குடை ஒன்றின் கீழ் கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து விற்பவர். பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பேச்சில் அக்காவுக்கு ராத்தா; கச்சான் ராத்தா என்று கேளுங்கள் — சம்மாந்துறை பஸ் கண்டக்டரே இறங்கி வந்து வழி காட்டுவார். பெருநாள் வந்துவிட்டால் வறுக்கிற தாச்சி, மணல், அடுப்புக்குப் பொச்சுமட்டை, குடை எல்லாவற்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடற்கரைத் திடலுக்கு வந்துவிடுவார். அங்கே நடக்கிற பெருநாள் கானிவல் வாசலில், வலது பக்கம். உள்ளே போகிற சனமும் வெளியே வருகிற சனமும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இத்தனை பேர் பார்க்க இருந்து வியாபாரம் செய்பவருக்குக் கெமரா மட்டும் ஆகாது.

கோபிக்க மாட்டார். சத்தம் போட மாட்டார். நான் கெமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகிறேன் என்று தெரிந்தால் அகப்பையைத் தாச்சியில் சாய்த்து வைப்பார். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வார். எழுந்து நாலு எட்டுத் தள்ளிப் போய் நிற்பார். “இப்ப எடுங்க மிஸ். கடைய நல்லா எடுங்க. நான் என்னத்துக்கு அதுக்குள்ள?”

நானும் கடையை எடுப்பேன். எடுத்து முடிந்ததும் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, கச்சான் கருகிவிட்டதா என்று பார்ப்பார். இது எங்கள் இருவருக்கும் பழகிப்போன ஒரு ஒழுங்கு.

அப்படிப்பட்டவர்தான் இப்போது என் வீட்டு வாசலில் நின்று, நான் உங்கள் கெமராவுக்குள் இருக்கிறேனா என்று கேட்கிறார்!

விசயம் இதுதான். இந்த முறை கானிவல் நடத்துகிற இளைஞர்கள் ஒரு வட்ஸ்அப் அறிவித்தல் போட்டிருந்தார்கள். போன முறை வாசலோர இடங்களுக்காக அடிபிடி நடந்ததாம். ஆகவே, இம்முறை ஏற்கெனவே அங்கே கடை போட்டவர்களுக்கே முன்னுரிமை. போட்டதற்கு ஆதாரம் வேண்டும் — போட்டோ அல்லது வீடியோ. ஆதாரம் இல்லாதவர்களுக்குத் திடலின் பின்பக்கம், ராட்டினத்துக்கு அப்பால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இடம்.

“போன முறை இடத்துக்குக் காசு கட்டின துண்டு ஒண்டு தந்திருப்பாங்களே ராத்தா?”

“தந்தாங்க. அதாலதான் அடுப்புப் பத்த வெச்சன்.”

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னார். “மிஸ், வாசல் இடம் போனா இந்தப் பெருநாள் எனக்கு ஒண்டும் இல்ல. சுமையாட வீட்டுக்கு இன்னும் கூர போடல்ல.”

இதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு இல்லையென்றால் பேச்சே எடுக்க மாட்டார்கள். நல்லதா கெட்டதா என்று நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை... விவாதித்து விவாதித்து எனக்கு அலுத்துவிட்டது. ஜெமீலா ராத்தாவின் கணவர் மௌத்தாகி நெடுநாள். மூத்த மகளுக்குக் கச்சான் விற்றே வீடு கட்டிக் கொடுத்தார். இளையவள் சுமையாவின் வீடு லிண்டல் மட்டத்தில், கூரை இல்லாமல் நிற்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். கானிவல் நாட்களின் உழைப்புத்தான் கூரை. கணக்கு அவ்வளவு நேரானது.

“பாக்கிறன் ராத்தா” என்றேன். “எங்கட படங்கள்ல எங்கயாவது இருப்பீங்க.”

சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கெமராப் புராணம் தெரியும். நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றபோது, ‘உம்மா சும்மா இருந்தால் நோய் வரும்’ என்று டோஹாவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பியது. நோய் எப்படியும் வந்துவிட்டது — முழங்காலில். சந்தையில் நின்று நின்று வந்தது. ஹபாயா போட்ட ஒரு பொம்பிளை கழுத்தில் கெமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு சந்தைக்குள் போனால் சும்மா விடுவார்களா? “எந்தச் சனலுக்கு மிஸ்?” “கணக்கெடுக்க வந்தீங்களா மிஸ்?” “நிவாரணம் ஏதும் தரப்போறாங்களா?” சும்மாதான் எடுக்கிறேன் என்றால் ஒருவரும் நம்புவதில்லை. சும்மா யாராவது வெயிலில் நிற்பார்களா என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது எல்லோர் கையிலும் போன். எல்லோரும் எடுக்கிறார்கள். என் படத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் போகிறேன். ஏன் போகிறேன் என்று எங்கள் வீட்டு மனிதர் கேட்கிறார். பதில் தெரிந்தால் நான் போவதை நிறுத்திவிடுவேன் என்று நினைக்கிறேன்.

சரி. அன்று நோன்பு திறந்து, தேநீர் குடித்து, கம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன்.

படங்கள் வந்தன. மீன் சந்தையில் பாரைக் குட்டியை இரு கையாலும் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டுகிற பாண்டிருப்புக்காரர். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை விரித்துக் காட்டுகிறவர். தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கிறவர். இறைச்சிக் கடைக்காரர். கரும்புச் சாறு பிழிகிறவர். உழவு மெசினில் நெல் மூட்டைக்கு மேல் ஏறி இருக்கிறவர்கள். எல்லோரும் கெமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். சிலர் தலையைக் கோதிவிட்டுப் பார்க்கிறார்கள்.

எல்லோரும் ஆண்கள்.

பார்த்துக்கொண்டே போகப் போக எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கல்முனைச் சந்தையில் பெண்கள் இல்லையா? யார் சொன்னது! கீரைக்கட்டு விற்கிறவர்கள், கருவாடு விற்கிறவர்கள், இடியப்பப் பெட்டியோடு வருகிறவர்கள், பன்பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவர்கள்... விடிந்தால் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். என் படங்களில் அவர்கள் ஒரு முழங்கை. ஒரு முதுகு. முகத்துக்குக் குறுக்கே பிடித்த ஒரு சுளகு. அல்லது, படத்தின் ஓரத்தில், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு காலி இடம்.

அவர்கள் வேண்டாம் என்றார்கள். நான் எடுக்கவில்லை. இதில் யாருக்கு என்ன பிழை? யாருக்கும் இல்லை. நாளைக்கு இந்தப் படங்களை மட்டும் பார்க்கிற ஒருவர், இந்த ஊரில் பெண்கள் வியாபாரமே செய்யவில்லை என்று எழுதிவைப்பார். அவ்வளவுதான்.

ஜெமீலா ராத்தாவின் கடையும் வந்தது. ஒன்றல்ல, பல. குடை இருக்கிறது. தாச்சி இருக்கிறது. பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாளில் சுற்றிய கச்சான் சுருள்கள் வரிசையாக இருக்கின்றன. புகை கூட அழகாக வளைந்து போகிறது. கடைக்குப் பின்னால் ஆள் இல்லை. யாருடைய கடை என்றும் சொல்லலாம். யாருடையதும் அல்ல என்றும் சொல்லலாம். கானிவல் வாசலில் எடுத்தவையும் அப்படித்தான். வாசல் தெரியாமல் கடையை மட்டும் கிட்ட வைத்து எடுத்திருக்கிறேன் — கலையாம்!

அலுத்துப்போய் எழும்பப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் படம் வந்தது.

போன வருசத்துக் கானிவல். நான் ராட்டினத்தை எடுக்கப் போயிருக்கிறேன். ராட்டினம் தூரத்தில் மங்கலாக நிற்கிறது. முன்னால், வாசல் வளைவு முழுவதும் தெரிய, எழுத்துக்களும் வாசிக்கக் கூடியதாக... அதன் கீழ் ஜெமீலா ராத்தா. நான் எடுப்பது அவருக்குத் தெரியாது. அவரை எடுப்பது எனக்கும் தெரியாது. யாரோ ஒரு குழந்தை கச்சான் சுருளைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டிவிட்டது போல. கச்சான் காற்றில் நிற்கிறது. கடல் காற்றில் முந்தானை தலையை விட்டுப் பறந்து தோளில் கிடக்கிறது. நரைத்த முடி. வியர்வையில் மினுங்குகிற முகம். கையில் அகப்பை. வாய் நிறையச் சிரிக்கிறார்.

இத்தனை வருசம் இந்தக் கெமராவைக் கட்டிக்கொண்டு அலைந்ததில் உருப்படியான படம் அது ஒன்றுதான். சத்தியமாகச் சொல்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்தவளே ஒரு வருசமாகப் பார்க்காமல் வைத்திருந்திருக்கிறேன்.

கூரை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். கடலோரம் ஒரு சின்ன வளவு. முன்னால் மூத்த மகளின் வீடு. அதற்குப் பக்கத்தில் சுமையாவின் வீடு — சுவர் இருக்கிறது, மேலே வானம் இருக்கிறது. வருங்கால மணமக்களின் அறைக்குள் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். சுமையா வெட்கப்பட்டுக்கொண்டே உடுப்புகளை ஒதுக்கி, அந்த அறைக்குள்ளேயே எங்களுக்குக் கதிரை போட்டாள். அங்கேதான் நிழல்.

படத்தைத் திறந்தேன்.

ஜெமீலா ராத்தா பக்கத்தில் வந்து குனிந்தார். பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“நான் இப்புடியாகா சிரிக்கிற?”

“இப்படித்தான் ராத்தா.”

“எங்கட உம்மாட சிரிப்பு...” என்றார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பின்னால் நின்ற சுமையா, “உம்மா, என்ன வடிவு!” என்றாள்.

அவ்வளவுதான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ராத்தாவின் கை தலைக்குப் போய்விட்டது. முந்தானையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

“மிஸ், இத ஆருக்கிட்டக் காட்டணும்?”

“கானிவல் நடத்துற பொடியன்மாரிட்ட.”

“எத்தின பேர்?”

“ஒரு ஏழெட்டுப் பேர் இருப்பாங்க.”

“காட்டிப்போட்டு மறுகா என்ன செய்வாங்க?”

அவரே சொன்னார். “குறூப்புல போடுவாங்க. ஆதாரம் வந்திருக்கி எண்டு போடுவாங்க. ஊரெல்லாம் என்ட தலமுடியப் பாக்கும். சுமையாட மாப்புள வீட்டாக்கள் பாப்பாங்க. வாப்பா, புருசன், கூடப்பிறந்த காக்காமார் — இவங்க மட்டும் கண்ட முடி மிஸ் இது.”

“முடிய மறைச்சுத் தரலாம் ராத்தா. கம்பியூட்டர்ல செய்யலாம்.”

“மறச்சா? சிரிப்ப என்ன செய்யிற?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சல் வந்தது. நோன்புக் களை வேறு. மனதுக்குள், ‘பேசாமல் நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டால் என்ன? கூரை போட்ட பிறகு நன்றி சொல்வார்’ என்று ஒரு குரல். அந்தக் குரலில் பாதி அவருடைய கூரைக்காக. மறுபாதி என் படத்துக்காக. நல்ல படம் ஒன்று கையில் இருந்தால் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால், நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்று ‘இப்ப எடுங்க’ என்று அவர் சொன்ன தைரியம் எதனால் வந்தது? நான் அவரை எடுக்க மாட்டேன் என்று தெரிந்ததால் வந்தது.

“அழிச்சிருங்க மிஸ்” என்றார்.

“வாசல் இடம்?”

“அல்லா தருவான். தராட்டி ஜெனரேட்டருக்குப் பக்கத்துல வறுக்கிறன். இத அழிச்சிருங்க. எனக்கு முன்னால அழிங்க.”

பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்பியூட்டர் கேட்டது. அதற்கும் மனம் வரவில்லை போல. ஓம் என்று அழுத்தினேன். பிறகு குப்பைக் கூடையையும் திறந்து காட்டி, அதையும் வெறுமையாக்கினேன். ராத்தா பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் இடம் பிரிக்கிற கூட்டம். “கதைக்கத் தெரிஞ்ச ஒராள் வேணும்” என்று ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசல் வலது பக்கத்துக்கு இரண்டு பேர்தான் போட்டி. ஒருவர் ராத்தா. மற்றவர் நிப்ராஸ்.

நிப்ராஸ் நல்ல பொடியன். கட்டாரில் இருந்து திரும்பி வந்து மொஜிட்டோக் கடை போட்டிருக்கிறார். பச்சை, நீலம், சிவப்பு என்று கண்ணாடிக் குவளையில் நிறம் நிறமாகக் கலக்கிக் கொடுக்கிற குளிர்பானம். போன இரண்டு கானிவலிலும் ராத்தாவுக்குப் பக்கத்தில் வண்டில் வைத்தவர். இந்த முறை பெரிய கடை போட, ராத்தாவின் இடமும் சேர்த்துக் கேட்கிறார்.

“ராத்தா, என்னோட கோவிக்காதீங்க. நானும் இதத்தான் நம்பி இரிக்கன்” என்று அவர் வந்து சொன்னார். யார்தான் எதையாவது நம்பி இல்லை?

அவரிடம் ஆதாரம் குவியலாக இருந்தது. பேஸ்புக் நேரலைகள், செல்பிகள், குவளையைச் சுழற்றுகிற வீடியோக்கள். கானிவல் குழுவின் செயலாளர் தம்பி ஒவ்வொன்றாக ஓடவிட்டார். நிப்ராஸ் சிரிக்கிறார். நிப்ராஸ் ஐஸ் போடுகிறார். அவருக்குப் பின்னால், எல்லா வீடியோவிலும், வெள்ளைப் புகை குறுக்கே போகிறது. எல்லா வீடியோவிலும் ஒரு குரல் கேட்கிறது:

“சூடான கச்சான்! வாங்க மகள், சூடான கச்சான்!”

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ராத்தாவும் முந்தானைக்குள் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

“தம்பி, இதவிட என்ன ஆதாரம் வேணும்? ராத்தாட குரல்தானே!”

“குரல் கேக்குது மிஸ். ஆளக் காணல்லயே” என்றார் செயலாளர். பாவம், அவருக்கும் சங்கடம். “எனக்குத் தெரியாதா மிஸ், நானே சின்னதில இருந்து இவங்கட்டத்தான் கச்சான் வாங்கிற. ஆனா சட்டம் எண்டு ஒண்டு போட்டாச்சு. ராத்தாவுக்கு விட்டுக் குடுத்தா மத்தவங்களும் குரலோட வருவாங்க.”

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரும் சேர்ந்து தெரியாது என்று முடிவு செய்தார்கள். இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. படம் இருந்தால் நீங்கள் இருந்தீர்கள். இல்லாவிட்டால் புகைதான் இருந்தது.

என் பையில் இருந்த, அந்தப் படம் இப்போது இல்லாத லப்டொப்பை நான் நினைத்துக்கொண்டேன். ராத்தா என்னைப் பார்க்கவில்லை. அவர் எழும்பி, “சரி மகன், எங்க இடம் எண்டு காட்டுங்க” என்றார்.

பெருநாள் வந்தது. தொழுகை, வட்டிலப்பம், விருந்தாளிகள், பாத்திரம் கழுவுதல்... பெண்களுக்குப் பெருநாள் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். முதல்நாள் நான் கானிவல் பக்கம் போகவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த வாசலைப் பார்க்க மனம் இல்லை.

இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு போனேன். கெமராவைக் கழுத்தில் போட்டிருந்தேன், பழக்க தோசம்.

சனம் என்றால் அப்படிச் சனம். அட்டாளைச்சேனையில் இருந்து, சம்மாந்துறையில் இருந்து, காரைதீவில் இருந்து வான் பிடித்து வந்திருக்கிறார்கள். புதுச் சட்டைப் பிள்ளைகள், பலூன், ஊதுகுழல், வெடிக்கிற ஸ்பீக்கர். வாசலில் நிப்ராஸின் கடை வண்ண விளக்குகளோடு ஜொலிக்கிறது. முன்னால் நல்ல கூட்டம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. மறைப்பானேன்?

கிட்டப் போனேன். கூட்டத்தில் பாதி மொஜிட்டோ வாங்க நிற்கவில்லை.

“தம்பி, கச்சான் ராத்தா எங்க?”

“பின்னால... ராட்டினத்துக்குப் பின்னால.”

“இஞ்சதானே இருப்பாங்க?”

“ஓம், இஞ்சதான் இருந்தாங்க. இப்ப பின்னால.”

அவர்கள் போக அடுத்த குடும்பம். “மகன், கச்சான்காரி வரல்லயா இந்த முற? சுகமில்லயா?” அவர்களுக்கும் விளக்கினார். விளக்கி முடிய ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இறங்காமலே கையை ஆட்டி, “கச்சான்?” என்றார். நிப்ராஸின் கையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அழுகிற முகம். “மிஸ், நேத்தும் இதான், இண்டைக்கும் இதான். என்ட வாய் நோகுது. மொஜிட்டோக் கலக்கவா, இவங்களுக்கு வழி சொல்லவா? ஒரு மனிசி ஏசிப்போட்டும் போறா, ராத்தாவ எழுப்பிப்போட்டு நீ இருக்கிறியா எண்டு.”

“களைப்பாத்தான் இருக்கும்” என்றேன். அது பொய் இல்லை.

“அதான் பாருங்க, ஒரு வேல செஞ்சன்” என்றார். குவளை வந்த காட்போட் பெட்டியின் மூடியைக் கிழித்து, தடித்த பேனையால் எழுதிக் கடைக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார்:

‘வழமையாக இவ்விடத்தில் இருக்கும் கச்சான் ராத்தா இம்முறை ராட்டினத்துக்குப் பின்னால். தயவு செய்து என்னிடம் கேட்க வேண்டாம்.’

கீழே ஒரு பெரிய அம்புக்குறி. அதற்கும் கீழே தன் கடையின் பெயரும்.

நான் அதை வாசித்தேன். இன்னொரு முறை வாசித்தேன். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை.

“தம்பி, அதோட ஒரு படம் எடுக்கவா?”

“அதுக்கென்ன மிஸ்! எடுங்க!”

கெமராவைக் கண்டு விலகுகிற ஆளா அவர்? தலைமுடியைக் கோதிவிட்டார். மூடியைக் கழற்றி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். வாசல் வளைவும் விழட்டும் என்று நான் பின்னால் நகர்ந்தேன். கலையெல்லாம் வேண்டாம்... வளைவில் எழுதியிருந்த பெருநாளும் வருசமும் தெளிவாக விழ வேண்டும், அவ்வளவுதான். விழுந்தது.

பிறகு சனத்துக்குள் புகுந்து ராட்டினத்துக்குப் பின்னால் போனேன். ஜெனரேட்டர் காதைக் கிழிக்கிறது. அந்த இரைச்சலுக்கு மேலாக “சூடான கச்சான்!” கேட்கிறது. குரல் கட்டிப்போயிருந்தது.

“எப்படி ராத்தா யாவாரம்?”

“வாற ஆக்கள் வாறாங்க மிஸ். தேடித்தான் வாறாங்க. ஆனா அரவாசிதான். முன்னறைக்குத் தகரம் போடலாம். மத்த அற...” கையை விரித்தார். “கலியாணத்துக்குப் புறகு பாப்பம். மாப்புள வானத்தப் பாத்துக்கிட்டுப் படுக்கட்டும்.”

சிரித்தார். முந்தானைக்குள் தான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதை இனி யாருக்கும் காட்ட முடியாது.

கெமராவின் பின்பக்கத்தில் புதுப் படத்தைக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, அகப்பையைத் தாச்சியில் சாய்த்து வைத்தார்.

“இது தம்பிட கையெழுத்தா?”

“ஓம்.”

“ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கானிவல் போடுவாங்க. இதக் கொண்டு போய்க் காட்டினா...?”

“கலியாணத்துக்கு முதல் மத்த அறைக்கும் கூரை போடலாம் ராத்தா.”

அவர் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்ல புள்ள” என்றார். “அல்லா அவனுக்கும் பரக்கத்தக் குடுக்கட்டும்.” பிறகு கச்சான் கருகுகிற வாடை வந்தது. அவசரமாகத் திரும்பினார்.

ஆக, செயலாளர் தம்பி கேட்ட ஆதாரம் என்னிடம் தயார். ராத்தாவின் முகம் அதில் இல்லை, முதுகு இல்லை, முழங்கை கூட இல்லை — அவருடைய இடத்தைப் பிடித்தவர்தான், அது அவருடைய இடம் என்று எழுதி நெஞ்சில் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார்.